சாய்ந்த சுவருக்கு எத்தனை பிளான்?

செங்குத்தான சுவரைத் தரையோடு வெட்டினாலும், இடுப்பு உயரத்தில் வெட்டினாலும், கூரைக்கு ஒரு சாண் கீழே வெட்டினாலும் கிடைக்கிற பிளான் ஒன்றேதான். கட்டடக்கலை படிக்கிறவர்கள் முதல் வருடத்திலிருந்து பழகும் பிளான் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. சுவர் கொஞ்சம் சாய்ந்தால் போதும், அந்த நம்பிக்கை போய்விடும். உயரத்துக்கு ஒரு பிளான் என்றாகிவிடும். எந்த உயரத்தில் என்று சேர்த்துச் சொல்லாமல் "சுவர் இங்கே வருகிறது" என்று யாராலும் சொல்ல முடியாது.

சாய்வுச் சுவரை மென்பொருளில் எப்படிப் போடுவது என்று இளம் ஆர்க்கிடெக்ட்கள் என்னிடம் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். கட்டளை எங்கே இருக்கிறது என்பது ஐந்து நிமிடப் பாடம். கோணத்தை டைப் செய்வதற்கு முன்னால் எந்த உயரத்துக் கோடு உங்கள் கோடு என்று முடிவு செய்திருக்க வேண்டும். அதை முடிவு செய்யாமல் வரைந்த மாடல் திரையில் அழகாக நிற்கும், சைட்டில் நிற்காது.

ரெவிட் என்ற கட்டட மென்பொருளின் முதல் பதிப்பு 2000-ல் வந்தது. சுவரைச் சாய்ப்பதற்கென்று ஒரு நேரடி வசதி அதில் வந்தது 2021 பதிப்பில்தான். இருபது ஆண்டு இடைவெளி. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. அந்த மென்பொருளின் கணக்கில் சுவர் என்றால் தரையில் ஒரு கோடு, ஒரு தடிமன், ஒரு உயரம், அவ்வளவுதான். கோட்டை அப்படியே மேலே இழுத்தால் சுவர். மற்ற கட்டட மென்பொருள்களின் அடிப்படையும் ஏறக்குறைய இதுவே. ஒரு மென்பொருளின் மாடலை இன்னொன்றுக்குக் கொண்டுபோக உதவும் ஐ.எஃப்.சி. வடிவத்தின் 2x3 பதிப்பில் இப்படி நேராக மேலே இழுத்த, சீரான தடிமன் கொண்ட சுவருக்கென்றே தனிப் பெயர் உண்டு: 'வால் ஸ்டாண்டர்டு கேஸ்'. சாய்ந்த சுவர் அந்த வகைக்குள் அடங்காது, பொதுவான 'வால்' என்றுதான் போகும். வேறு மென்பொருளில் திறக்கும்போது அதன் அடுக்குகளும் தடிமனும் திருத்த முடியாத வெறும் உருவமாக இறங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு மாடலை அனுப்பும் முன்பு ஒரே ஒரு சாய்ந்த சுவரை மட்டும் அனுப்பிச் சோதித்துவிடுவது நல்லது.

2021-க்கு முன்னால் சாய்வுச் சுவர் போட்ட தலைமுறைக்குப் பல குறுக்கு வழிகள் தெரியும். முதலில் மாஸ் எனப்படும் வெறும் கன உருவம் ஒன்றை உருவாக்கி அதன் முகத்தின் மேல் 'வால் பை ஃபேஸ்' மூலம் சுவரை ஒட்டுவார்கள். மாஸை மாற்றினால் சுவர் தானாகத் தொடராது, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். சிலர் கூரையைச் செங்குத்துக்கு அருகில் நிமிர்த்தி வைத்துச் சுவர் என்று பெயர் சொல்லிக்கொள்வார்கள். சாய்ந்த கண்ணாடிச் சுவருக்கு 'ஸ்லோப்டு கிளேஸிங்' என்ற கூரை வகையே கைகொடுத்தது. பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, சுவர்ப் பட்டியலில் ஒரு சுவர் காணாமல் போயிருந்தால் கூரைப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இப்போது சுவரைத் தேர்ந்தெடுத்து, பண்புகளில் 'கிராஸ் செக்‌ஷன்' என்ற இடத்தில் 'வெர்ட்டிகல்' என்பதை 'ஸ்லான்டட்' என மாற்றி, 'ஆங்கிள் ஃப்ரம் வெர்ட்டிகல்' என்ற இடத்தில் கோணத்தைக் கொடுத்தால் முடிந்தது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், செங்குத்திலிருந்து அளந்த கோணம். ஆர்க்கிகேட் என்ற இன்னொரு கட்டட மென்பொருள் அதே சுவரைத் தரையிலிருந்து அளக்கிறது. ரெவிட்டில் 15 என்பது ஆர்க்கிகேட்டில் 75. இரண்டு அலுவலகங்கள் சேர்ந்து செய்யும் வேலையில் "பதினைந்து டிகிரி சுவர்" என்று போனில் மட்டும் பேசிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோணத்தோடு எதிலிருந்து என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். சுவர் உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கழித்தல் குறியில் இருக்கிறது. ஒரு செக்‌ஷனைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இனி முதலில் சொன்ன அந்தக் கோடு. ரெவிட்டில் சுவர் சாய்வது அதன் 'லொகேஷன் லைன்' அடியில் எங்கே இருக்கிறதோ அதை அச்சாக வைத்து. நடுக்கோட்டில் வரைந்திருந்தால் நடுக்கோடு நகராது, முகங்கள் நகரும். வெளிமுகத்தில் வரைந்திருந்தால் அடியில் வெளிமுகம் அசையாது. மனையின் எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை ஒட்டி நிற்கிற சுவர், அதுவும் வெளியே சாய்கிற சுவர் என்றால், எல்லையைத் தொடுவது அதன் உச்சி. அடிக்கோட்டை எல்லைக் கணக்கில் வைத்துவிட்டுப் பிறகு சாய்த்தால், 3 மீட்டர் உயரத்துக்கு 15 டிகிரியில் உச்சி 804 மி.மீ. வெளியே போயிருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் உச்சியிலிருந்து அடிக்குக் கணக்குப் போட்டு வர வேண்டும்.

தடிமன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் சாய்ப்பது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருப்பது இங்கேதான் தெரிகிறது. ஸ்கெட்ச்அப் மென்பொருளில் 230 மி.மீ. சுவர் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சி முகத்தைப் பிடித்து 804 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். சுவர் சாயும். உயரம் 3 மீட்டராகவே இருக்கும், கிடைமட்டத்தில் அளந்தால் தடிமனும் 230 ஆகவே இருக்கும். ஆனால் முகத்துக்குச் செங்கோணத்தில் அளந்தால் 222 மி.மீ.தான். சுவர் மெலிந்துவிட்டது. அதே சுவரை 'ரொட்டேட்' கருவியால் 15 டிகிரி சுழற்றினால் செங்கோணத் தடிமன் 230 அப்படியே இருக்கும், முகத்தின் செங்குத்து உயரம் 2898 மி.மீ. ஆகக் குறையும், அடியின் ஒரு விளிம்பு தரையை விட்டு எழும்பும். ரெவிட் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை எடுத்துக்கொள்கிறது: செங்கோணத் தடிமனையும் செங்குத்து உயரத்தையும் காப்பாற்றி, அடியையும் உச்சியையும் கிடைமட்டமாக வெட்டிவிடுகிறது. அதனால் பிளானில் உங்கள் 230 சுவர் 238 என்று அளவு காட்டும். அது பிழை அல்ல. 230-ஐ 15 டிகிரியின் கோசைனால் வகுத்தால் வருவது அது.

இந்த வேறுபாடு கணிதப் பொழுதுபோக்கு என்று நினைத்தால் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். செங்கல் வரிசைகளைக் கிடைமட்டமாகவே வைத்து, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினால் அது ஸ்கெட்ச்அப்பில் உச்சியை நகர்த்திய சுவர். மண் தாங்கும் கருங்கல் சுவரில் வரிசைகளையே சாய்வு முகத்துக்குச் செங்கோணமாக வைத்துக் கட்டுவது உண்டு. அது சுழற்றிய சுவர். கான்கிரீட்டில் சென்ட்ரிங் பலகை இரண்டுக்கும் இடையே உள்ள செங்கோண இடைவெளிதான் தடிமன், கம்பிக்கு மேல் விட வேண்டிய கவரும் அப்படித்தான் அளக்கப்படும். எந்தப் பொருளில், எந்த முறையில் கட்டப் போகிறோம் என்று தெரியாமல் எது சரியான மாடல் என்று சொல்ல முடியாது. சாய்வுச் சுவரில் கட்டும் முறை வடிவத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது.

பழகுவதற்கு ஒரு கட்டடம் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் துக்ளகாபாத்தைச் சொல்வேன். 1320 முதல் 1325 வரை ஆண்ட கியாசுத்தீன் துக்ளக்கின் கல்லறை, தில்லியின் தெற்கே, அவர் கட்டிய கோட்டைக்கு எதிரில் இருக்கிறது. சதுர அடித்தளம், செம்மணற்கல் சுவர், மேலே வெண்பளிங்குக் குவிமாடம். வெளிச்சுவர்கள் தரையோடு ஏறத்தாழ 75 டிகிரி கோணத்தில், அதாவது செங்குத்திலிருந்து 15 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. முல்தான் பக்கத்து மண், செங்கல் கட்டட மரபிலிருந்து இந்தச் சாய்வு வந்தது என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். அதே காலத்தில் முல்தானில் எழுந்த ஷா ருக்னே ஆலம் கல்லறையின் செங்கல் முட்டுத்தூண்கள் மேலே போகப் போகக் குறுகிச் சாய்வதைப் பார்த்தால் அந்த உறவு தெரியும். மண்சுவருக்கு அகலமான அடி தேவைப்படுகிறது. கல்லுக்கு அந்தத் தேவை அவ்வளவு இல்லை, ஆனாலும் கண்ணுக்குப் பழகிய உறுதியான தோற்றம் கல்லிலும் தொடர்ந்திருக்கிறது.

மாடல் செய்ய உட்கார்ந்தால் இந்தக் கட்டடம் முதல் நிமிடத்திலேயே ஒன்றைக் கற்றுத்தருகிறது. வெளிமுகம் சாய்ந்திருக்கிறது, உள்ளறையின் சுவர் நேராக நிற்கிறது. ஆகவே இது 'ஸ்லான்டட்' சுவர் அல்ல. அடியில் தடித்து உச்சியில் மெலியும் சுவர். ரெவிட்டில் 'டேப்பர்டு' என்ற வசதி 2022 பதிப்பில்தான் வந்தது. அதற்குச் சுவர் வகையில் ஒரு அடுக்கைத் தடிமன் மாறக்கூடிய அடுக்காகக் குறிக்க வேண்டும், வெளிமுகத்துக்கும் உள்முகத்துக்கும் தனித்தனிக் கோணம் கொடுக்க வேண்டும். சுவரின் அகலம் உச்சியில் அளந்ததா அடியில் அளந்ததா என்றும் அது கேட்கும். மறுபடியும் அதே கேள்விதான், எந்த உயரத்தில்? ஆர்க்கிகேட்டில் இரு முகமும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும் 'டபுள் ஸ்லான்டட்' சுவர் உண்டு. இந்த வடிவத்துக்கு அந்த மென்பொருளில் நேரான பாதை இருப்பதை ஆர்க்கிகேட்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமை நியாயமானது.

அதே மாடலில் மூலைக்கு வாருங்கள். இரண்டு முகங்கள் தலா 15 டிகிரி உள்ளே சாய்ந்து சதுர மூலையில் சந்திக்கும்போது அந்த மூலைக்கோடு எவ்வளவு சாயும்? 15 என்று சொல்லத் தோன்றும். 20.75 டிகிரி. மூலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே போவதால் அது மூலைவிட்டத்தில் நகர்கிறது. இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள உண்மையான கோணமும் 90 அல்ல, 93.8 டிகிரி. பிளானில் எந்த உயரத்தில் வெட்டினாலும் 90 என்றுதான் காட்டும், ஏனென்றால் பிளான் கிடைமட்டமாக வெட்டுகிறது. மூலைக்கல்லைச் செதுக்குகிறவருக்கோ, இன்று மூலையில் அலுமினியத் தகட்டை மடிக்கிறவருக்கோ வேண்டியது 93.8. இதை மாடலில் எடுக்க, மூலைக்கோட்டுக்குச் செங்குத்தான தளத்தில் ஒரு செக்‌ஷன் வெட்ட வேண்டும். எழுநூறு வருடங்களுக்கு முன்பு துக்ளகாபாத்தில் கல் செதுக்கியவர்கள் இந்தக் கோணத்தைக் கையால் அமைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை எண்ணாக எழுதியிருக்க வேண்டியதில்லை, ஒரு மரச்சட்டம் போதும். ஆனால் அந்தக் கோணம் இல்லாமல் அந்த மூலைகள் மூடியிருக்காது.

டைல்ஸ் ஒட்டும் சுவரிலும் இதே விளைவு வேறு உருவில் வரும். நான்கு பக்கமும் உள்ளே சாயும் கட்டடத்தில் ஒவ்வொரு முகமும் செவ்வகம் அல்ல, மேலே குறுகும் சரிவகம். 600 மி.மீ. உயர டைல்ஸ் ஒரு வரிசை ஏறினால் முகத்தின் அகலம் சுமார் 310 மி.மீ. குறையும். ஒவ்வொரு வரிசையிலும் இரு முனைகளிலும் வெட்டு. இந்த வீணாகும் அளவைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் போனால் காண்ட்ராக்டரோடு சண்டைதான்.

அறையின் பரப்பளவு இன்னும் சிக்கலானது. 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை. ஐந்து மீட்டர் நீளச் சுவர் ஒன்று மட்டும் 15 டிகிரி வெளியே சாய்கிறது, உயரம் 3 மீட்டர். தரையில் பரப்பு 20 சதுர மீட்டர். 1.2 மீட்டர் உயரத்தில் 21.6. கூரையடியில் 24. மூன்றும் உண்மை. ரெவிட் எதைக் காட்டும் என்பதை ஒவ்வொரு லெவலிலும் இருக்கும் 'கம்ப்யூட்டேஷன் ஹைட்' என்ற அளவு தீர்மானிக்கிறது. அதைச் சுழியத்தில் விட்டால் தரைப் பரப்பு. வாடிக்கையாளருக்குச் சதுர அடியில் சொல்லும்போது இது சுமார் 215-க்கும் 258-க்கும் இடையில் எங்கோ ஓர் எண் என்றாகிறது. விற்பனைக்கு எதைச் சொல்வது, அனுமதிக்கு எதைக் காட்டுவது, தரை ஓடு வாங்க எதைப் பயன்படுத்துவது என்று மூன்றுக்கும் மூன்று பதில் இருக்கலாம். என் கருத்து உறுதியானது: வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது அவர் கால் வைக்கும் தரையின் அளவு. சுவர் உள்ளே சாய்கிற அறையானால் அதுவும் போதாது. நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலமாரியை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்த முடியாது என்பது வீட்டுக்கு வந்தபிறகு தெரியக் கூடாது.

ரெவிட் பிளான் வழக்கமாக 1200 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறது. 15 டிகிரி சுவர் அங்கே அடிக்கோட்டிலிருந்து 322 மி.மீ. தள்ளி நிற்கும். தடித்த கோட்டில் தெரிவது அந்த வெட்டு. வெளியே சாயும் சுவரானால் அதன் உள்முகம் மேல்நோக்கி இருப்பதால் உள்பக்க அடிவிளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும், வெளிப்பக்க அடிவிளிம்பு மறைந்திருக்கும். உள்ளே சாயும் சுவருக்கு நேர் எதிர். சைட்டில் நூல் பிடிக்கிறவருக்கு வேண்டியது அடிவிளிம்பு. அளவுக்கோடு தடித்த கோட்டில் ஒட்டிக்கொண்டால் கட்டடம் முழுக்க 322 மி.மீ. தள்ளிப் போகும். அதனால் சாய்வுச் சுவர் உள்ள வேலைகளில், வெட்டு உயரத்தைத் தரைக்கு மிக அருகே இறக்கி வைத்த தனிப் பிளான் ஒன்றை, அளவு மட்டும் போட்டு, 'தரை மட்டம்' என்று தலைப்பிட்டுக் கொடுக்க வேண்டும். பல மாடி என்றால் ஒவ்வொரு ஸ்லாப் மட்டத்துக்கும் ஒன்று. மாடிக்கு மாடி தனிச் சுவர் போடுவதைவிட, முடிந்தவரை ஒரே சுவராக மேலே கொண்டுபோவது நல்லது, 3.2 மீட்டர் மாடி ஒவ்வொன்றுக்கும் 857 மி.மீ. நகர்வைக் கையால் கணக்கிட்டு வைக்கும் தொல்லை இராது. ஸ்லாப் விளிம்பைச் சுவரைத் தொட்டு எடுக்கும்போது வந்தது எந்த உயரத்துக் கோடு என்று செக்‌ஷனில் மாடிக்கு மாடி பார்த்துவிடுங்கள்.

கதவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீல் செங்குத்தாக இல்லாவிட்டால் கதவு தானே திறந்துகொள்ளும் அல்லது தானே மூடிக்கொள்ளும். கதவு நேராகத்தான் நிற்க வேண்டும். ரெவிட் இதற்கு 'ஓரியன்டேஷன்' என்ற தேர்வைத் தருகிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும்.

ஜன்னலுக்கு அந்தத் தேர்வு அவ்வளவு எளிதல்ல. வெளியே சாயும் 230 சுவரில் 1200 மி.மீ. உயர ஜன்னலை நேராக நிறுத்துங்கள். அடிச்சட்டம் வெளிமுகத்தோடு ஒட்டியிருந்தால், உச்சிக்கு வரும்போது சுவர் 322 மி.மீ. வெளியே போயிருக்கும். சுவரின் கிடைமட்டத் தடிமனோ 238. மேல்சட்டம் சுவரின் உள்முகத்தையும் தாண்டி 84 மி.மீ. அறைக்குள் வந்து நிற்கும். அதற்குச் சுற்றிலும் பெட்டி கட்ட வேண்டும், பக்கங்களில் முக்கோணக் கன்னங்கள் வரும். சுவரோடு சேர்த்துச் சாய்த்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 1200 ஜன்னல் செங்குத்தில் 1159 தான் எழும்பும். மேல்மட்டத்தை மற்ற ஜன்னல்களோடு வரிசைப்படுத்த நினைத்திருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே சாய்ந்த கண்ணாடிக்கு நல்ல பயன்கள் உண்டு. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் கண்ணாடி வெளியே சாய்ந்திருப்பது உள்ளே இருக்கும் திரைகளின் பிரதிபலிப்பு கண்ணில் விழாமல் இருக்க. சென்னை போல 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஊரில் தெற்குச் சுவரை 15 டிகிரி வெளியே சாய்த்தால், மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் அந்த முகத்தில் நேர் வெயில் விழாது. தெற்கு முகத்துக்கு எதிரே அன்றைய சூரியனின் சரிவுக் கோணம் நாள் முழுக்க 77 டிகிரியிலேயே இருக்கும், சுவர் மறைப்பது 75-க்கு மேல். டிசம்பரில் நண்பகல் சூரியன் 54 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் வெயில் விழும். உள்ளே சாயும் சுவரில் வைத்த ஜன்னல் இதற்கு நேர்மாறு; மழைக்கு அது கூரை ஜன்னல்தான், சாதாரண ஜன்னல் சட்டம் தாங்காது. மழை ஊரில் உள்ளே சாயும் சுவரில் ஜன்னல் வைப்பதை நான் முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன்.

பெரிய சாய்வுகளின் பாரம் தனிக் கதை. மாட்ரிட்டில் பிலிப் ஜான்சனும் ஜான் பர்கீயும் வடிவமைத்து 1996-ல் முடிந்த இரட்டைக் கோபுரங்கள், பெயர் புவெர்டா டி யூரோப்பா, 114 மீட்டர் உயரத்தில் ஒன்றை நோக்கி ஒன்று 15 டிகிரி சாய்கின்றன. கணக்கிட்டால் உச்சி அடியிலிருந்து சுமார் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. கோபுரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிலத்தடியில் பெரிய கான்கிரீட் எதிர் எடை வைத்துக் கம்பி வடங்களால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். மென்பொருள் 15 என்ற எண்ணை மூன்று மீட்டர் சுவருக்கும் இதற்கும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்ளும். கோணத்தை மாற்றிப் பார்க்கும் வசதி கையில் இருக்கிறது என்பதற்காக இன்ஜினியரிடம் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

சைட்டுக்குப் போகும் தாளில் நான் டிகிரியை மட்டும் எழுதுவதில்லை. மூன்று மீட்டர் சுவரில் அரை டிகிரி பிசகினால் உச்சியில் சுமார் 28 மி.மீ. தள்ளும், அரை டிகிரியைக் கையால் அளக்கும் கருவி எல்லா சைட்டிலும் கிடையாது. தூக்குக்குண்டும் டேப்பும் எல்லா சைட்டிலும் உண்டு. ஆகவே "ஒரு மீட்டர் உயரத்துக்கு 268 மி.மீ. வெளியே" என்று எழுதி, பக்கத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, அந்த அளவில் ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளும்படி குறிப்பும் போட்டுவிடுவேன். அடிவிளிம்பு, ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், உச்சி என்று நான்கு உயரங்களில் தூக்குநூலிலிருந்து முகம் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்ற சிறிய அட்டவணையையும் அதே தாளில் சேர்ப்பேன்: 0, 268, 536, 804. கொத்தனாரும் சூப்பர்வைசரும் அந்த நான்கு எண்களை வைத்து வரிசைக்கு வரிசை சரிபார்த்துக்கொள்ள முடியும்.